மோட்டார் இழுவை விட்டால் முதலில் எதைப் பார்ப்பது?

நடுக்கடலில் மோட்டார் நின்றுபோவது ஒரு வகைத் தொல்லை. நிற்காமல் பாதி உயிரோடு ஓடுவது இன்னொரு வகை. ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினாலும் சத்தம் மட்டும்தான் கூடுகிறது. படகின் மூக்கு எழும்பவில்லை. அரை மணியில் வந்துசேர வேண்டிய கரை இரண்டு மணி நேரமாகியும் தூரத்தில்தான் நிற்கிறது. ஒருவழியாகக் கரையேறியதும் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். மூடியைத் திறப்பார்கள், கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பெட்ரோலில் கழுவி ஊதி மாட்டுவார்கள், கூடவே இரண்டு புது பிளக். மறுநாள் கடலுக்குப் போனால் அதே கதை.

கார்புரேட்டரைக் கழற்றுவது தப்பில்லை, அதை முதலில் கழற்றுவதுதான் தப்பு. திடீரென இழுவை விட்ட மோட்டார், கோளாறு எந்தப் பக்கம் என்பதை அந்த முதல் பத்து நிமிடத்திலேயே, தண்ணீரில் இருக்கும்போதே பெரும்பாலும் காட்டிவிடும். அதைக் கவனிக்காமல் கரைக்கு வந்து ஸ்பானரை எடுத்தால், தடயத்தில் பாதியை நாமே அழித்துவிடுகிறோம். தளர்ந்திருந்த குழாய் இணைப்பைப் பிரித்து மாட்டியதில் தற்செயலாகச் சரியாகிவிடும். எது சரியானது என்று தெரியாமலேயே போய்விடும். அடுத்த வாரம் அது திரும்ப வரும்.

நான் இங்கே சொல்வது இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரைப் பற்றி. குமரி மாவட்டத்து வள்ளங்களிலும் யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்து ஃபைபர் படகுகளிலும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் யமஹா, சுசுகி ரகங்கள்; 9.9 முதல் 40 குதிரைத்திறன் வரை. கயிறு இழுத்து எழுப்புவது. பெட்ரோலில் எழுப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகையும் இவற்றில் உண்டு. கம்ப்யூட்டர் இல்லாததால் கண், காது, கை மூன்றையும் வைத்தே இவற்றின் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். புதிய ஃபோர்-ஸ்ட்ரோக், இஞ்செக்‌ஷன் மோட்டார்களுக்கு வழி வேறு.

ஒரு பேதத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறைந்தால் அது தேய்மானம்: ரிங், கரி, தேய்ந்த புரொப்பல்லர். நேற்றுவரை நன்றாக இழுத்தது இன்று திடீரென விட்டால், ஏதோ ஒன்று அடைத்திருக்கிறது, அறுந்திருக்கிறது, கழன்றிருக்கிறது, அல்லது சூடேறிப் பிடித்திருக்கிறது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

தண்ணீரில் இருக்கும்போதே

இழுவை விட்டதும் ஆக்சிலேட்டரைக் குறையுங்கள். எந்தக் கோளாறாக இருந்தாலும் இதுதான் முதல் வேலை. என்ன காரணம் என்று தெரியாமல் முழு முறுக்கில் வைத்து இழுத்தடிப்பதில்தான் பத்து ரூபாய்ச் சங்கதி பிஸ்டன் மாற்றும் செலவாக முடிகிறது.

அடுத்து, மோட்டாரின் பக்கவாட்டில் ஊசியாகப் பீய்ச்சும் தண்ணீரைப் பாருங்கள். அது வழக்கம்போல் வருகிறதா, மெலிந்திருக்கிறதா, நின்றேவிட்டதா? வெறும் தண்ணீராக வருகிறதா, ஆவியோடு கொதித்து வருகிறதா? தண்ணீர் இல்லையென்றால் உடனே அணைத்துவிட வேண்டும். கீழே கியர் பெட்டிக்கு மேல் இருக்கும் பம்பில் ஒரு ரப்பர் இம்பெல்லர் சுற்றுகிறது. மணலும் உப்பும் அதன் இதழ்களைத் தின்றுவிடும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் ரப்பர் இறுகி இதழ்கள் ஒடியும். தண்ணீர் உள்ளே போகும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டாலும் விளைவு அதேதான். மோட்டாரைத் தூக்கிப் பையை எடுத்துவிட்டு, நன்றாக ஆறவைத்து, மெதுவாக எழுப்பிப் பார்க்கலாம். சில வேளை பீய்ச்சும் துளை மட்டும் உப்பால் அடைத்திருக்கும். மெல்லிய கம்பியோ நைலான் நரம்போ விட்டுக் குத்தினால் திறந்துகொள்ளும். அது திறந்ததும் தண்ணீர் சூடில்லாமல் பலமாக வந்தால் கவலை குறைவு.

சூடேறிய மோட்டார் இழுவை விடும் விதமே தனி. யாரோ பிரேக் பிடித்தாற்போல் சுற்று சட்டென இறங்கும், நின்றும்விடும். கொஞ்ச நேரம் ஆறியதும் கயிறு மறுபடி இழுபடும், மோட்டாரும் எழும்பும். "சரியாயிட்டுது" என்று பலர் திரும்பவும் முறுக்குவது இந்த இடத்தில்தான். பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைப் பிடித்து, ஆறியதும் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த தடவை அது விடாமல் பிடித்துக்கொள்ளலாம். தண்ணீர் குறைவது மட்டுமே இதற்குக் காரணமல்ல; டாங்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்ற மறந்திருந்தாலும் இதேதான் நடக்கும். 50-க்கு 1 கலவை என்றால் 25 லிட்டர் பெட்ரோலுக்கு அரை லிட்டர் ஆயில். அவசரத்தில் டாங்க் நிரப்பிய நாளாக இருந்தால் முதலில் இதை நினைத்துப் பாருங்கள். பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் சிலவற்றில் சூடு ஏறினால் தானாகவே சுற்றைச் சுமார் 2,500-க்குள் இறக்கிவிடும் அமைப்பு உண்டு. அதில் கோளாறு தேடுகிறவர்கள் தீப்பொறியையும் எரிபொருளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துப்போவார்கள். மோட்டாரோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மெதுவாக ஓடுகிறது.

தண்ணீர் சரியாக வருகிறதா? அப்படியானால் சத்தத்தைக் கேளுங்கள். மோட்டார் சீறுகிறது, சுற்று ஏறுகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால் மோட்டாரின் தலையில் கோளாறே இல்லை. பலம் கீழே போய்ச் சேரவில்லை, அல்லது தண்ணீரைப் பிடிக்கவில்லை. வலைத் துண்டு, நைலான் கயிறு, கடற்பாசி ஏதாவது புரொப்பல்லரில் சுற்றியிருக்கலாம், இதழ் ஒடிந்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் புரொப்பல்லரின் நடுவில் இருக்கும் ரப்பர் குமிழைச் சந்தேகப்படுங்கள். கல்லிலோ மணல் திட்டிலோ இடித்தால் கியர் உடையாமல் காப்பதற்காக வைத்தது அது. பழசாகிவிட்டால் மெதுவாகப் போகும்போது பிடித்துக்கொண்டு, முறுக்கும்போது வழுக்கும். இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. நடுக்குமிழிலிருந்து வெளி உருளை வரை நேராக ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் குமிழ் வழுக்குகிறது. மெதுவாக ஓட்டினால் கரை சேர்ந்துவிடலாம். புரொப்பல்லரில் கை வைக்குமுன் கில் சுவிட்சின் கயிற்றை உருவிவிட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன்.

சீறல் இல்லை, மாறாகச் சுற்றே இறங்கிவிட்டது, மோட்டார் அடங்கி முனகுகிறது என்றால் கோளாறு மேலே. இனி இரண்டே கேள்வி: எரிபொருள் போதவில்லையா, ஒரு சிலிண்டர் செத்துவிட்டதா?

ரப்பர் பல்பு சொல்லும் சேதி

டாங்கிலிருந்து மோட்டாருக்கு வரும் குழாயின் நடுவில் கையால் பிசையும் ரப்பர் பல்பு இருக்கிறதே, அதைவிட நல்ல சோதனைக் கருவி இந்த மோட்டாருக்குக் கிடையாது. இழுவை விடும் அந்த நேரத்தில், ஒருவர் ஓட்ட இன்னொருவர் அந்தப் பல்பைத் தொடர்ந்து பிசையட்டும். மோட்டார் உயிர்பெற்று மறுபடி இழுத்தால் தீப்பொறி, காயில், கம்ப்ரஷன் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். எரிபொருள் வரத்தில்தான் குறை. பிசைந்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் பல்புக்குப் பின்னால் இருக்கும் கார்புரேட்டரோ, எரிபொருளோடு சம்பந்தமே இல்லாத வேறொன்றோ.

பிசைய எடுக்கும்போது பல்பு எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். சப்பிப்போய், உள்ளுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தால் டாங்க் பக்கம் அடைப்பு. மோட்டார் உறிஞ்சுகிறது, வருவதற்கு வழியில்லை. இதில் மிகச் சாதாரணமான காரணம் டாங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு. அதைத் திறக்க மறந்தால் முதல் சில நிமிடங்கள் மோட்டார் அருமையாக ஓடும்; பிறகு டாங்குக்குள் வெற்றிடம் கூடக்கூட வரத்து குறைந்து சுற்று இறங்கும். அணைத்துவிட்டுக் காத்திருந்தால் மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். திருகு திறந்திருந்தாலும் உப்பும் பெயின்ட்டும் சேர்ந்து துளையை மூடியிருக்கலாம். ஆகவே திருகைப் பார்ப்பதைவிட மூடியையே தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்ப்பது மேல். அலையில் எரிபொருள் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சந்தேகம் டாங்குக்குள் நிற்கும் குழாயின் நுனிச் சல்லடை. பிறகு மோட்டாரில் உள்ள சிறு ஃபில்டர் கிண்ணம். இவற்றைக் கண்ணால் பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றுவது குழாய். வெளியே பளபளவென்று இருக்கும் பழைய குழாயின் உள்தோல் மட்டும் பிரிந்து தொங்கும். மெதுவாக ஓடும்போது எரிபொருள் அதை ஒதுக்கிவிட்டுப் போகும். முறுக்கி உறிஞ்சியதும் தோல் குறுக்கே விழுந்து அடைக்கும். மடங்கிய ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போல, பலமாக இழுக்க இழுக்க வரத்து குறையும். மெதுவாக ஓடினால் நன்றாக இருக்கிறது, முறுக்கினால் அரை நிமிடத்தில் அடங்குகிறது என்பவர்கள் கார்புரேட்டரைக் கழற்றுமுன் பல்போடு சேர்த்துக் குழாயையே புதிதாக மாற்றிப் பார்ப்பது நல்லது. மாட்டும்போது பல்பின் மேல் உள்ள அம்பு மோட்டாரை நோக்கியிருக்க வேண்டும்.

பல்பு சப்பவில்லை, ஆனால் பிசைந்தால் மோட்டார் எழும்புகிறது என்றால் இரண்டு காரணம். ஒன்று, வழியில் எங்கோ காற்று உறிஞ்சப்படுகிறது. டாங்கிலும் மோட்டாரிலும் மாட்டும் இணைப்பு முனைகளுக்குள் இருக்கும் சின்ன ஓ-ரிங், கிளிப் தளர்ந்த இடம், பல்பில் வெடிப்பு. இந்தக் கசிவில் எரிபொருள் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். துடைத்துப் பார்த்தால் எல்லாம் காய்ந்திருக்கும், அதனால்தான் தப்பிவிடுகிறது. மோட்டாருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சாண் கண்ணாடிப் பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக இடையே மாட்டி ஓட்டினால் குமிழிகள் ஓடுவது தெரியும். இரண்டாவது காரணம், மோட்டாரின் எரிபொருள் பம்ப். டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் பெட்டிக்குள் காற்றழுத்தம் கூடிக் குறைகிறது. அந்தத் துடிப்புதான் பம்புக்குள் உள்ள மெல்லிய சவ்வை அசைத்து எரிபொருளை ஏற்றுகிறது. சவ்வு விறைத்தால் வரத்து குறையும். கிழிந்தால் இன்னொரு வினோதம்: துடிப்பு வரும் வழியாகவே எரிபொருள் நேராக ஒரு சிலிண்டரின் கிராங்க் பெட்டிக்குள் போய், அந்த சிலிண்டரின் பிளக் மட்டும் நனைந்து கிடக்கும். பிளக் கெட்டதென்று எத்தனை மாற்றினாலும் நனையும். சவ்வு கிட் அதிக விலையில்லை. பழைய மோட்டார் வைத்திருப்பவர் பெட்டியில் ஒன்று கிடக்க வேண்டும்.

எரிபொருளையே சந்தேகப்படும் இடமும் இதுதான். இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். கடற்காற்றில் பாதி காலியான டாங்கில் வாரக்கணக்கில் கிடந்தாலோ, அலைத் தண்ணீர் உள்ளே போய்விட்டாலோ, ஓர் அளவுக்கு மேல் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் படியும். உறிஞ்சும் குழாய் இருப்பது அடியில். டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்கு இதில் ஆபத்து இரட்டிப்பு, ஏனென்றால் நாம் கலந்த ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும்; மோட்டார் குடிப்பது ஆயில் இல்லாத அடித்தண்ணீரை. பழைய குழாய்களின் உள்தோலையும் பழைய சவ்வுகளையும் எத்தனால் கெடுக்கவும் செய்யும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, ஆடாமல் சிறிது நேரம் வையுங்கள். அடியில் கோடு கட்டி நின்றால் தண்ணீர்தான்.

மண்ணெண்ணெய் மோட்டார்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. சூடாகுமுன் மாற்றினால் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாமல், பிளக் நனைந்து, புகை கக்கி இழுவை போகும். பெட்ரோலிலிருந்து மாற்றும் குழாய்த் திருப்பி தேய்ந்து பாதியில் நின்றாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரத்து குறையும். சோதனை எளிது: இழுவை விடும்போது பெட்ரோலுக்குத் திருப்புங்கள். உடனே சரியானால் கோளாறு மண்ணெண்ணெய் டாங்கிலோ அதன் குழாயிலோ, எண்ணெயின் தரத்திலோ. பெட்ரோலுக்கென்றே செய்த மோட்டாரில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டுவது வேறு கதை. அது சூட்டில் தட்டித் தட்டிப் பிஸ்டனைத் தின்றுவிடும். இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலையில் டாங்கின் அடியில் கிடப்பதைக் கொட்ட யாருக்கும் மனம் வராதுதான். கொட்ட வேண்டாம், வடிகட்டித் தெளியவைத்து மேலே இருப்பதை எடுங்கள். கலங்கிய அடியை மட்டும் மோட்டாருக்குக் கொடுக்காதீர்கள்.

எரிபொருள் பக்கம் முழுவதையும் ஒரே அடியில் தீர்க்க ஒரு வழி உண்டு. பக்கத்துப் படகில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் டாங்கையும் குழாயையும் அப்படியே இரவல் வாங்கி உங்கள் மோட்டாரில் மாட்டி ஓட்டுங்கள். கலவை அளவும் இணைப்பு முனையும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். இழுவை வந்துவிட்டால் உங்கள் மோட்டாரில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டியதில்லை.

ஒரு சிலிண்டர் செத்தால்

இரண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் பலம் பாதியாகும் என்று நினைப்போம். உண்மையில் பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் ஓடுகிற சிலிண்டர் செத்த சிலிண்டரையும் சுமந்துகொண்டு ஓட வேண்டும். படகு எழும்பவே எழும்பாது. மோட்டார் உதறும், சத்தம் தடதடக்கும், பின்னால் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் கூடுதலாக மிதக்கும், ஏனென்றால் எரியாத எரிபொருள் அப்படியே வெளியே போகிறது.

எது செத்தது என்று அறிய இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது எந்த சிலிண்டர் என்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஒரே காப்பிப் பழுப்பாக இருந்தால் இரண்டும் எரிகின்றன. ஒன்று மட்டும் நனைந்து கறுத்திருந்தால் அங்கே தீப்பொறி இல்லை, அல்லது எரிபொருள் மிஞ்சிப் போகிறது. ஒன்று வெள்ளையாக வெந்திருந்தால் அந்த சிலிண்டருக்கு எரிபொருள் போதவில்லை. உடனே கவனிக்க வேண்டியது. ஒன்று மட்டும் கழுவித் துடைத்தாற்போல் பளிச்சென்று இருந்தால் அதில் தண்ணீர் போகிறது, ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள்.

ஓடும்போதே பிளக் மூடியைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. மின்னணுப் பெட்டி தீப்பொறியைத் தரும் சிடிஐ மோட்டாரில் அதைச் செய்யாதீர்கள். அடி பலமாக இருக்கும். தவிர தீப்பொறி பாய வழியில்லாமல் போனால் சிடிஐ பெட்டியே கெடலாம். எந்தப் பிளக் வயரை எடுத்தாலும் அதன் முனை மோட்டார் உடம்பில் எர்த் ஆகியிருக்க வேண்டும். தீப்பொறியைப் பார்க்கவும் கடையில் கிடைக்கும் இடைவெளி டெஸ்டரே நல்லது. ஏழெட்டு மில்லிமீட்டர் இடைவெளியை நீலமாகத் தாண்ட வேண்டும். வெளியே எடுத்த பிளக்கில் பொறி தெரிகிறது என்பதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது; பிளக்கின் இடைவெளி சிறியது, வெளிக்காற்றில் பலவீனமான பொறியும் தாண்டிவிடும், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்டாது. டெஸ்ட் செய்யும் இடத்தில் பெட்ரோல் வாடையும் நனைந்த துணியும் இருக்கக் கூடாது.

ஒரு பக்கம் பொறி இல்லையென்றால் பிளக், ரப்பர் மூடி, வயர், காயில் என்று மேல்நோக்கிப் போங்கள். பழைய ஜான்சன், எவின்ரூட் இரட்டை சிலிண்டர்கள் பலவற்றில் காயில் தனித்தனி. இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான். சில மோட்டார்களில் ஒரே காயிலிலிருந்து இரண்டு வயரும் கிளம்பும். அதில் ஒரு பக்கம் மட்டும் பொறி போனால் பெரும்பாலும் வயரிலோ மூடியிலோதான் குறை. உப்பேறிப் பச்சை பூத்த செம்பு முனையை வெட்டிவிட்டுப் புதிதாக மாட்டினாலே போதும்.

இனி வருவது மெக்கானிக்குகளையே சுற்றவிடும் வகை. காலையில் நன்றாக ஓடுகிறது. அரை மணி ஓடிச் சூடானதும் இழுவை விடுகிறது. ஆறினால் மறுபடி சரி. எரிபொருளும் தண்ணீரும் சரியாக இருந்து இப்படி நடந்தால், ஃப்ளைவீலுக்குக் கீழே இருக்கும் சார்ஜ் காயில் அல்லது பல்சர் காயிலைச் சந்தேகப்படுங்கள். உள்ளே முறிந்த மெல்லிய கம்பி குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து விலகும். கரையில் ஆறியபின் மீட்டர் வைத்தால் அளவு சரியாகவே காட்டும். ஆகவே கோளாறு நடந்துகொண்டிருக்கும்போதே, சூடு ஆறுமுன், தீப்பொறியைப் பார்த்துவிட வேண்டும். அது முடியாவிட்டால் காயிலைச் சூடாக்கி அளக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் போல இன்னொரு கோளாறு இருக்கிறது. பழைய மோட்டார்களில் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது ஃப்ளைவீலுக்கு அடியில் உள்ள தட்டு சற்றே சுழன்று டைமிங்கை முன்னே தள்ளும். ஆண்டுக்கணக்கில் இப்படி ஆடி ஆடி, அந்தத் தட்டிலிருந்து வரும் வயர் ரப்பர் உறைக்குள்ளேயே அறுந்துபோகும். மெதுவில் தொட்டுக்கொள்ளும், முறுக்கினால் விலகும். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முறுக்கும் கோணத்துக்குத்தான் சம்பந்தம். அந்த வயரை விரலால் வளைத்து வளைத்துப் பார்த்தால் ஓரிடத்தில் உயிரில்லாமல் தொளதொளவென்று மடங்கும்.

கல்லிலோ திட்டிலோ இடித்த அன்றே இழுவை போய், கார்புரேட்டர் வழியாக வெடித்துத் துப்பினால் ஃப்ளைவீல் சாவி பாதி வெட்டுப்பட்டு டைமிங் நகர்ந்திருக்கலாம். ஃப்ளைவீலைக் கழற்ற அதற்கான இழுப்பான் வேண்டும், சுத்தியல் வேண்டாம்.

செலவு செய்யுமுன் கம்ப்ரஷன்

எந்தப் பாகத்துக்கும் பணம் கொடுக்குமுன் இதைச் செய்துவிடுவது நல்லது. கம்ப்ரஷன் கேஜை இரவல் வாங்கலாம். இரண்டு பிளக்கையும் கழற்றி, இரண்டு வயரையும் எர்த் செய்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை கயிற்றை நாலைந்து தடவை பலமாக இழுக்க வேண்டும். மோட்டார் இளஞ்சூடாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இழுக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும்.

பெரும்பாலான பழைய பெட்ரோல் டூ-ஸ்ட்ரோக் மோட்டார்கள் 90-லிருந்து 130 பிஎஸ்ஐ-க்குள் காட்டும். மண்ணெண்ணெய் மாடல்களில் குறைவாகத்தான் இருக்கும். எண்ணைவிட முக்கியம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். 105, 110 என்றால் கவலையில்லை. பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் யோசிக்க வேண்டும். 110, 60 என்றால் ரிங் ஒடிந்தோ, பிஸ்டன் கீறியோ, கேஸ்கட் கிழிந்தோ இருக்கிறது. இரண்டுமே ஒன்றுபோல் இறங்கியிருந்தால் இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் கேஸ்கட் எரிந்து ஒன்றுக்கொன்று வழி ஏற்பட்டிருக்கலாம். ஹெட்டைத் திறந்தால் அந்த இடம் கறுத்துத் தெரியும். கேஜ் கிடைக்காவிட்டால் ஒரு பிளக்கை மட்டும் மாட்டி, கயிற்றைக் கையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள்; பிறகு மற்ற சிலிண்டரில் மாட்டி இழுங்கள். ஒன்று தடுக்கிறது, மற்றது வழவழவென்று போகிறது என்றால் கேஜ் சொல்வதைக் கையே சொல்லிவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகுதான் கார்புரேட்டர். மெதுவாக நன்றாக ஓடி, முறுக்கும்போது மட்டும் அடங்கினால், பல்பைப் பிசைந்தும் எழும்பாவிட்டால், மெயின் ஜெட்டில் தூசோ உப்போ அடைத்திருக்கலாம். அடங்கும் நேரத்தில் சோக்கை ஒரு நொடி பாதி இழுத்துப் பாருங்கள். சுற்று ஏறினால் எரிபொருள் போதவில்லை என்று பொருள். இன்னும் மோசமானால் எரிபொருள் அல்ல பிரச்சினை. ஆனால் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே கரை சேரப் பார்க்காதீர்கள். எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, அந்த நிலையில் முறுக்கினால் பிஸ்டன் வேகும். ஜெட்டைக் கம்பியால் குத்தாமல் கார்ப் கிளீனரும் காற்றும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கணக்கு கெடும். ஆக்சிலேட்டர் கேபிளும் கம்பிகளும் கடைசிவரை திறக்கின்றனவா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. கிளிப் ஒன்று கழன்று, கார்புரேட்டர் பாதிதான் திறக்கிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் மோட்டாரையே இறக்கியவர்கள் உண்டு.

மெக்கானிக்கிடம் போகும்போது "இழுக்கலை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சுற்று ஏறியதா இறங்கியதா, தண்ணீர் பீய்ச்சியதா, பல்பைப் பிசைந்ததும் எழும்பியதா, சூட்டில் மட்டுமா குளிரிலுமா, கடைசியாக எரிபொருள் நிரப்பியது எப்போது, எங்கேயும் இடித்ததா என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டதுமே பாதிப் பாகங்களைத் தள்ளிவைத்துவிடுவார். இதையெல்லாம் கேட்காமலே கார்புரேட்டரில் கை வைப்பவரிடம், முதலில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு சிலிண்டரும் இறங்காத, ஒத்த கம்ப்ரஷன் காட்டும்வரை பழைய மோட்டார் செலவுக்குத் தகுதியானது. இம்பெல்லர், சவ்வு, குழாய், காயில் எல்லாம் மாற்றக்கூடிய பாகங்கள்தான். எவின்ரூட் பெயரில் மோட்டார் செய்வது 2020 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டபின்னும் அவற்றுக்கான பாகங்களை வேறு கம்பெனிகள் செய்து விற்கின்றன; யமஹா, சுசுகிக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு பக்கம் 110, மறுபக்கம் 60 காட்டும் மோட்டாருக்கு மட்டும் கார்புரேட்டர் கிட் வாங்காதீர்கள். அந்தப் பணத்தை ஹெட்டைத் திறந்து பார்க்கக் கொடுங்கள்.